பேர் வைக்காத ஆடுகள்

அக்டோபர் 3, வெள்ளி

மேகலா அம்மிணிக்கு. பிரசவத்துக்கு உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது இந்த டைரியை என் கையில் திணித்து, "பெரியப்பா, அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, அது மட்டும் எழுதுங்க. உங்க அலங்காரம் வேண்டாம்" என்று சொன்னாய். நான் எப்போது அலங்காரம் செய்தேன்? நடந்ததை நடந்தபடி சொன்னாலே அப்படித்தான் இருக்கிறது. திருச்செங்கோடு நாச்சிமுத்து வாழ்ந்த வாழ்க்கை அப்படி.

நான் பத்தாவது பாஸ். (எட்டாவது. உனக்குத் தெரியும், உன் மாமியார் பாவாயி அக்கா சொல்லியிருப்பாள்.) ஆனால் போர்வெல் வண்டியோடு இந்தியா முழுக்கச் சுற்றிய மேனேஜர். பூமிக்குள்ளே எங்கே தண்ணி ஓடுகிறது என்று சொன்ன வாய்க்கு, ஒரு மாப்பிள்ளை தூங்கினானா இல்லையா என்று சொல்லத் தெரியாதா.

இன்றைய கணக்கு: உன் புருசன் பூபதி ராத்திரி விமானம் ஓட்டிவிட்டுக் காலையில் வந்தான். இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி. கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தான். பொழுது சாயும் வரை தூக்கம். அவன் பகலில் தூங்குவதால் நான் குக்கருக்கு விசில் போடுவதில்லை. சோறு வடிப்பதுதான். இந்த விமானப்படை முகாமிலேயே சத்தம் வராமல் சமைக்கிற ஒரே ஆள் நான். விமானம் அவனுடையது என்றால் அடுப்படி என்னுடையது, இரண்டும் யாருக்கும் தெரியாமல் வேலை செய்கிறது.

அக்டோபர் 4, சனி

அவன் வண்டியைப் பார்த்துவிட்டேன். நாங்கள் போர் போடுகிற லாரியையும் வண்டி என்றுதான் சொல்வோம், இவர்களும் விமானத்தை வண்டி என்கிறார்கள். கேட்க நிறைவாக இருந்தது.

கிட்டே விடவில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தட்டையாக, கறுப்பாக, தோசைக்கல்லை நடுவில் மடித்த மாதிரி. வெளியே ஒரு துருத்தல் கிடையாது. குண்டையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. எதிரியின் ரேடார் வந்து மோதினால் எண்ணெய் தேய்த்த முதுகில் தண்ணீர் போல வழுக்கிவிடும். இதை நான் கேன்டீன் தாமஸிடம் விளக்கினேன். தாமஸ் பாலக்காட்டுக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான்.

"நாச்சியண்ணே, அப்ப அது யாரு கண்ணுக்கும் தெரியாதா?"

"எவன் கண்ணுக்கும் தெரியாது. போன வாரம் பூபதியே அதைத் தேடிட்டு இருந்தான்."

தாமஸ் சிரித்ததில் டீ சிந்திவிட்டது. எனக்கு இன்னொரு டீ, காசில்லாமல்.

சாப்பாடு: தக்காளிக் குழம்பு, முட்டை. தூக்கம் நன்று.

அக்டோபர் 6, திங்கள்

கேன்டீனில் கூட்டம் சேர்ந்துவிட்டது. என் பாலைவனக் காலத்தைச் சொன்னேன். எல்லைக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் வேலி போட்டால் மண்ணும் மனுசனும் மாறிவிடுமா. அங்கே ஒரு வீட்டில் தங்கி ஊருக்கே போர் போட்டோம். போர்க்குழிக்குள் இறக்குகிற எங்கள் கேசிங் பைப்பை இழுத்து வந்த ஒட்டகத்தின் பெயர் சுந்தரி. என்னைத் தவிர யார் ஏறினாலும் உட்கார்ந்துவிடும். அந்த வீட்டுக்குள் ஒரு தேள், கறுப்பு, உள்ளங்கை அகலம், காலையில் சுவர் ஓரமாக ஒவ்வொரு அறையாகப் பார்வையிட்டுக்கொண்டு போகும். அதற்குக் கலெக்டர் என்று பேர் வைத்தேன். கலெக்டருக்குப் பயந்து அந்தக் குடும்பமும் நானும் கார்த்திகை பிறக்கிறவரை மொட்டைமாடியில்தான் படுத்தோம். அங்கே எல்லாருமே அப்படித்தான், கீழே வெக்கை தாங்காது. கட்டில், பாய், குழந்தை குட்டி, குடிதண்ணீர்ப் பானை எல்லாம் மாடிக்கு ஏறிவிடும். வீட்டுக்காரம்மா எனக்கு ஒரு ரஜாய், பஞ்சு அடைத்த போர்வை, கொடுத்தாள். ராஜாவுக்குப் போர்த்துகிற ரஜாய்.

"ராஜாவுக்கு என்ன போர்த்தினாங்க அப்புறம்?" என்றான் தாமஸ். வாய்க்கொழுப்பு.

பூபதிக்கு இன்று பயணம் என்று தெரிந்தது. சொல்லமாட்டான், ஆனால் பயண நாளில் தண்ணீர் கொஞ்சமாகக் குடிப்பான், அதில் கண்டுபிடித்துவிடுவேன்.

நான் ஒரு காரியம் செய்தேன். நீ திட்டுவாய். போர் போடுவதற்கு முன்னால் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் தொழில் வழக்கம். அந்த வண்டிக்குக் கிட்டே என்னை விடமாட்டார்கள். அதனால் ஒரு பழத்தை மஞ்சள் குங்குமம் வைத்து, அவன் பறக்கிற உடுப்பின் கால் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அவன் பார்க்கவில்லை.

உலகத்தில் எந்த எலுமிச்சம்பழமும் போகாத உயரத்துக்கு என் பழம் போகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் வந்தான். சாப்பிடவில்லை. படுத்தான். தூங்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

இன்றும் அப்படியே. இட்லி வைத்தேன், இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். களைப்பு. அத்தனை உயரம் போய்வந்தால் காதடைப்பு இருக்கும், எனக்கும் ஊட்டி போனால் வரும்.

அவனை வண்டி ஏற்றவில்லை. ஓய்வு கொடுத்திருக்கிறார்களாம். நல்ல வேலை செய்கிறவனுக்குத்தான் ஓய்வு கொடுப்பார்கள், நான் தாமஸிடம் அப்படித்தான் சொன்னேன்.

அக்டோபர் 9, வியாழன்

அம்மிணி, உன் புருசனுக்கு எப்போதிலிருந்து இந்தக் கதவுப் பழக்கம்? நான் பிரிட்ஜைத் திறந்து, தயிர் எங்கே என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து படாரென்று சாத்தினான். விரல் நசுங்கியிருக்கும்.

"என்ன மாப்ள?"

"திறந்து வச்சுட்டு நிக்காதீங்க மாமா."

"கரண்டு செலவா?"

நான் நகர்கிறவரை கதவில் கை வைத்தபடியே நின்றான். பிறகு கவனித்தேன். அலமாரி, குளியலறை, மசாலா டப்பா வைக்கிற சின்னக் கதவு, எது திறந்திருந்தாலும் எழுந்து வந்து சாத்துகிறான். காற்றுக்கு வாசல் கதவைத் திறந்து வைத்தேன், மூன்று தடவை சாத்தினான். நான்காவது தடவை நானே சாத்திவிட்டேன். கொசு வரும்தான்.

சாப்பாடு: அரை டம்ளர் மோர்.

அக்டோபர் 10, வெள்ளி

அவனுடைய பறக்கிற உடுப்பு மூட்டையாகக் கிடந்தது. துவைக்கப் போட எடுத்தேன். கால் பையில் என் எலுமிச்சம்பழம். முழுசாக இருக்கிறது.

அம்மிணி, பழத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இது உனக்குப் புரியாது, எங்கள் தொழில்காரனுக்குத்தான் புரியும். போர் போட்டு முடித்ததும் வண்டியை அந்தப் பழத்தின் மேல் ஏற்றி நசுக்கி, அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். முழுப் பழத்தை எடுத்துவந்தால், அந்த இடத்தில் இருப்பது கூடவே வந்துவிடும். ஒரு தடவை எங்கள் டிரைவர் மறந்துபோய் டேஷ்போர்டில் வைத்துக் கொண்டுவந்தான். ஊர் வந்து சேருகிறவரை வண்டியின் பின்னால் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். இது அலங்காரம் இல்லை, நானும் கேட்டேன்.

நான் நசுக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கே நசுக்குவான், அவன் போன இடத்தில் இறங்கவே இல்லையே.

கீழே போய் ஸ்கூட்டரை அதன் மேல் ஏற்றினேன். காய்ந்துவிட்டது போல, நசுங்காமல் வழுக்கி வழுக்கி ஓடியது. பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலில் இருந்து பார்த்தாள். சக்கரத்தில் காற்று பார்ப்பதாகச் சைகை காட்டினேன். கடைசியில் செங்கல்லால் உடைத்தேன்.

துணியை மாடியில் காயப்போட்டேன்.

அக்டோபர் 11, சனி

இன்று மத்தியானம் பேசினான். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து அவனும் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.

"எலுமிச்சம்பழம் நீங்கதானே வச்சீங்க?"

"எது?"

"மாமா. உள்ளே ஒரு திருகாணி சும்மா கிடந்தாலே வண்டியை எடுக்க விடமாட்டாங்க. எல்லை தாண்டின அப்புறம் கால்ல என்னமோ உருளுதுன்னு தொட்டுப் பார்த்தேன். நல்லவேளை ஜிப்பைத் திறக்கலை."

"துணைக்குத்தான் சாமி."

"துணையாத்தான் இருந்துச்சு. அங்க வேற ஒருத்தரும் கிடையாது."

பிறகு தானாகவே சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லை தாண்டினா பேச்சு இல்லை மாமா. ரேடியோவில் நம்ம குரல் போகக்கூடாது. விளக்கெல்லாம் அணைச்சிடுவோம். என்ற மூச்சு மட்டும் காதுக்குள்ள கேக்கும். கீழே ஊரு தெரியும், லாரி போகும், ரயிலு போகும். அவங்க ரேடார் சுத்திச் சுத்தித் தேடும். அது என் மேல படறப்ப காதுல சின்னதா ஒரு சத்தம் வரும். படும், நிக்காம போயிடும். தெருவுல தெரிஞ்சவன் நம்ம மூஞ்சியைப் பார்த்துட்டுத் தெரியாத மாதிரி போவானே, அப்படி. முதல் தடவை சந்தோசமா இருந்துச்சு. போகப் போக, நான் நெசமாலுமே இருக்கறனான்னு ஆயிடுச்சு. முட்டியைத் தொட்டுப் பார்த்துக்குவேன்."

"இதைத் தாமஸிடம் சொல்லவேண்டும்" என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

"குண்டு போடணும்னா வயித்துக் கதவைத் திறக்கணும். அது திறந்திருக்கற நேரம் மட்டும்தான் நாங்க வெளியே தெரிவோம். அதனால திறந்த வேகத்துல மூடிரணும். அன்னிக்குக் குறி ஒரு வெடிமருந்துக் கிடங்கு. ஸ்கிரீன்ல சூடு இருக்கறதெல்லாம் வெள்ளையாத் தெரியும். கிடங்குக்கு ஒட்டினாப்ல ஒரு வீடு. மாடியில வெள்ளையா சிலது படுத்திருந்துச்சு. கதவு திறந்துச்சு. படுத்திருந்ததுல ஒண்ணு எந்திரிச்சு நின்னு மேலே பார்த்துச்சு."

"மேலேன்னா எங்கே?"

"என்னை."

"அத்தனை உசரத்துல கண்ணு எப்படித் தெரியும் மாப்ள?"

"கண்ணு தெரியலை. மூஞ்சி இந்தப் பக்கம் திரும்பினது தெரிஞ்சுது. எவன் கண்ணுக்கும் தெரியாத வண்டி மாமா. அந்த ஒரு ஆளு பார்த்துட்டாங்க."

வெங்காயம் காரம். அவன் கண்ணில் தண்ணீர், என் கண்ணிலும்.

கதவு மூடியதாம். அப்புறம் கிடங்கு வெடித்ததில் ஸ்கிரீன் முழுக்க வெள்ளையாகிவிட்டதாம். திரும்பி வந்ததும் மேலதிகாரிகள் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். மாடியில் இருந்தது ஆள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆடாகவும் இருக்கலாம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். பறந்தவன் அதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் மறுபடி வண்டி கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை வரை யோசிக்க விட்டிருக்கிறார்கள்.

"போட்டுடு" என்றேன். "பெரியவங்க பார்த்துச் சொல்லியிருக்காங்க."

அவன் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தான். உரித்து உரித்து ஒன்றும் இல்லாமல் போனது.

அக்டோபர் 12, ஞாயிறு

கேட்டுக்கு வெளியே இருக்கிற டெலிபோன் பூத்தில் இருந்து உன்னிடம் பேசினேன். நீ அங்கே இருந்து கேட்டதையும் நான் இங்கே இருந்து சொன்னதையும் ஞாபகத்துக்கு எழுதி வைக்கிறேன்.

"எப்படி இருக்காரு பெரியப்பா?"

"நல்லா இருக்கான்."

"சாப்பிடறாரா?"

"சாப்பிடறான்."

"தூங்கறாரா?"

"ம்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா? எல்லாத்துக்கும் ஒரு வார்த்தையில முடிக்கறீங்க" என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது அம்மிணி. குழந்தை உதைக்கிறது என்று நீ சொன்னது தெளிவாகக் கேட்டது.

மாடிக்குப் போய் உடுப்பை எடுத்துவந்தேன். வெள்ளி முதல் அங்கேயே கிடந்தது. எடுக்கும்போது மேலே பார்த்தேன். மேகம்கூட இல்லை. எதுவும் தெரியவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். படியில் வேகமாக இறங்கினேன், இந்த வயதில் விழுந்திருந்தால் உனக்கு இரண்டு வேலை.

அக்டோபர் 13, திங்கள்

ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பூபதி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான். சவரம் செய்யாத முகம், அவன் அப்பாவின் ஜாடை இப்போதுதான் தெரிகிறது.

"மாமா. நீங்க அந்தப் பாலைவனப் பக்கமெல்லாம் இருந்திருக்கீங்க. வேலிக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி ஊருதான். புரட்டாசி மாசம் அங்க மொட்டைமாடியில என்ன இருக்கும்?"

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மிணி, நான் யார் என்று உனக்குத் தெரியும். தண்ணி வராமல் மண்புகை மட்டும் வருகிற வறண்ட போர்க்குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற விவசாயியைச் சிரிக்க வைத்து அனுப்பினவன். அவனவனுக்கு எது வேண்டுமோ அது என் வாயில் தயாராக இருக்கும்.

"ஆடுதான் மாப்ள" என்றேன். "குளிருக்கு ஆட்டை மாடியில கட்டுவாங்க."

"மனுசங்க?"

"கீழே படுப்பாங்க."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ரசத்தை இறக்கினேன். கொத்தமல்லி போட மறந்துவிட்டேன்.

"சரி மாமா" என்றான்.

உட்கார்ந்து சாப்பிட்டான். ரசம் சோறு, அப்பளம், மறுபடி ரசம் சோறு, மோர். படுத்தவன் புரளவில்லை. எட்டிப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருக்க, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, பாவாயி அக்கா மடியில் கிடந்த அதே பையன். ஒரு வாரமாக விட்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்குகிறான்.

என் வாய் செய்த வேலைகளிலேயே இதுதான் பெரிய வேலை என்று எழுதலாம். எழுத வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சாப்பாடு: நான்கு இட்லி. தூக்கம்: நேற்று பொழுது சாய்ந்ததிலிருந்து காலை வரை.

சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினான். ஷூ லேஸ் கட்டக் குனிந்தபடியே கேட்டான்.

"மாமா, கலெக்டரு நல்லா இருக்காரா?"

"எந்தக் கலெக்டரு?"

"தேளு."

நான் இட்லித் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான் ரெண்டாவது படிக்கறப்ப லீவுக்கு வந்தப்ப சொன்னீங்க. கலெக்டருக்குப் பயந்துட்டு கார்த்திகை வரைக்கும் மாடியில படுத்தோம்னு. அந்த ஊரு மொத்தமும் மாடியிலதான்னு. வீட்டுக்காரம்மா ராஜாவோட ரஜாயைக் கொடுத்தாங்கன்னு."

"அது கதை மாப்ள. நான் சொல்றது எதை நம்பறது, நீயே சொல்லு."

"எது நெசம்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு மாமா." அவன் நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில் கதை முடிந்ததும் இருக்குமே, அந்த மாதிரி. "தேளுக்குப் பேரு வச்சீங்க. ஒட்டகத்துக்குப் பேரு வச்சீங்க. எங்க அம்மாவோட எருமைக்கு மூணு பேரு. நேத்து அந்த ஆட்டுக்கு ஒரு பேருகூட வைக்கலையே."

துடைத்த தட்டைக் கீழே வைத்தேன்.

"நேத்தே தெரியுமா?"

"நீங்க வாயை மூடினப்பவே தெரியும்."

"அப்புறம் எப்படித் தூங்கினே?"

"அதனாலதான் தூங்கினேன். ஆளா ஆடான்னு தெரியாம இருந்தப்பதான் தூக்கம் வரலை."

"இப்ப போயி என்ன சொல்லப் போறே?"

"ஆளுன்னு எழுதச் சொல்லுவேன். எந்திரிச்சு நின்னதையும் எழுதச் சொல்லுவேன்."

"வண்டி கொடுப்பாங்களா அப்புறம்?"

தோளைக் குலுக்கினான். "மேகலாவுக்கு இந்த டைரி போகட்டும் மாமா. எதையும் கிழிக்காதீங்க."

போய்விட்டான். போகும்போது வாசல் கதவைச் சாத்தவில்லை. மறந்துபோய் இல்லை. படி இறங்கினவன் திரும்பி வந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் அவனே கதவுக்குக் கீழே செருப்பை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனான்.

தாமஸ் வந்து எட்டிப் பார்த்தான், "அண்ணே, இன்னிக்கு மாய வண்டிக் கதை இல்லையா?" என்றான். வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இப்போது பொழுது சாய்கிறது. அவன் இன்னும் வரவில்லை. துணியெல்லாம் எடுத்தாயிற்று, மாடிக்குப் போக வேலை இல்லை, ஆனாலும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே யாரோ எழுந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. பழத்தைச் செங்கல்லால் உடைத்தது போதாது போல.

என் கதையில் வருகிற எதையும் பேர் இல்லாமல் நான் விட்டதில்லை. அந்த மாடியில் எழுந்து நின்று பார்த்தவருக்கு ஒரு பேர் வைக்கலாம் என்று மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை அம்மிணி.

அவருக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்திருக்கும்.